வரத்துக்காலை மூடிவிட்டு மனை போடலாமா?

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் எங்கள் அப்பச்சி வாங்கிப் போட்ட 2 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், தம்பி சிங்கப்பூரில். விவசாயம் பார்க்க ஆளில்லை என்பதால் மனை போட்டு விற்க முடிவு செய்தோம். மனை போடுகிறவர் 34 ப்ளாட் வரும் என்று ஸ்கெட்ச் கொடுத்திருக்கிறார். நிலத்தின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடுகிறது, நான் பார்த்த நாளெல்லாம் காய்ந்துதான் கிடக்கிறது. அதில் கிராவல் கொட்டி நிரவி மேலே ரோடு போட்டுவிடலாம், பட்டா முழுக்க உங்கள் பேரில்தானே இருக்கிறது என்கிறார் அவர். கீழே வயல் வைத்திருப்பவர்களோ, அது கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால், மூட விடமாட்டோம் என்கிறார்கள். ஆபீசில் வடிகால் வரைபடமும் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றும் கேட்கிறார்களாம். இதெல்லாம் உண்மையிலேயே வேண்டுமா, அலைக்கழிக்கிறார்களா? அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே மழைத்தண்ணீரை நிலத்துக்குள்ளேயே தேக்கி மெதுவாகத்தான் வெளியே விட வேண்டும் என்கிறான். இங்கேயும் அப்படி உண்டா? நிலத்தில் ஒரு பழைய கிணறும் இருக்கிறது, அதைத் தூர்த்துவிடலாமா?

பதில்:

ஆச்சி, அந்தப் பள்ளத்தை மூடாதீர்கள். ஆபீசில் கேட்டிருப்பது கேட்க வேண்டியதுதான். சான்று வாங்குவதற்குள் அலைய வைக்கிறார்கள் என்றால் அது உண்மையாக இருக்கலாம், அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் மனை போடுகிறவர் சொல்கிற 'பட்டா உங்கள் பேரில்தானே' என்ற ஒரு வரியை நம்பி ஒரு லோடு கிராவல்கூட இறக்க விடாதீர்கள். இந்தப் பக்கம் மனைப்பிரிவு வழக்காகி நிற்பதற்கு அந்த ஒரு வரிதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் அந்தப் பள்ளம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் புல எண்ணுக்குப் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி., எடுங்கள், வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். கூடவே கிராம வரைபடத்தையும், ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகப் பதிந்து வைத்திருக்கிற அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணையும் பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். அந்தப் பள்ளத்துக்குத் தனிப் புல எண்ணோ தனி உட்பிரிவோ இருந்து, அ-பதிவேட்டில் 'வாய்க்கால்' என்றோ 'ஓடை' என்றோ புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அது அரசு நிலம், அதிலும் யாருக்கும் பட்டா கொடுக்க முடியாத 'ஆட்சேபணைக்குரிய' புறம்போக்கு. ஒரு அடி அகலத்தைக்கூட உங்கள் ப்ளாட்டுக்குள் சேர்க்க முடியாது, சேர்த்து விற்றால் வாங்கினவருக்கும் சிக்கல், விற்ற உங்களுக்கும் சிக்கல். 2 ஏக்கர் என்று நீங்கள் சொல்கிற அளவுக்குள் அது கணக்கில் வந்திருக்கிறதா என்பதையும் சர்வேயரை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள், பழைய பத்திரங்களில் அப்படி வாய்க்காலையும் சேர்த்து எழுதியிருப்பது சகஜம்.

இன்னொரு வகை, தனிப் புல எண் இல்லாமல் உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே கோடாக மட்டும் காட்டியிருப்பது. நிலம் உங்களுடையது, ஆனால் அதில் ஓடும் தண்ணீரை மறிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. மனைப்பிரிவு வரைபடம் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும்போது அந்தக் கோட்டை அப்படியே விட்டுத்தான் மனை பிரிக்கச் சொல்வார்கள். மூன்றாவது வகைதான் ரொம்பத் தொல்லை: எஃப்.எம்.பி.யில் எதுவும் இல்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் போகிறது, ஊரே அதை வரத்துக்கால் என்று சொல்கிறது. இந்த மாதிரி இடத்தில் யூ.டி.ஆருக்கு, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்துக்கு, முந்தைய பழைய கிராம வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். செட்டிநாடு என்று நாம் சொல்கிற ஊர்களில் பல பழைய சிவகங்கை ஜமீனில் இருந்தவை, சில 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நடந்த செட்டில்மென்டு, அப்புறம் யூ.டி.ஆர். என்று பதிவேடு கை மாறிக் கை மாறி வந்ததில் சில வரத்துக்கால்கள் காகிதத்தில் காணாமல் போயிருக்கின்றன, மண்ணில் இருக்கின்றன. பழைய வரைபடத்தில் அந்தக் கோடு இருந்துவிட்டால் கீழே இருக்கிற விவசாயிகள் அதைத்தான் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், அவர்கள் கையில் கிடைப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

காகிதத்தில் எங்குமே இல்லை என்றாலும் தப்பிக்க முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் 7-ஆவது பிரிவு இருக்கிறது. மேட்டு நிலத்தில் விழுகிற மழைத்தண்ணீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடி வந்தால் பள்ளத்துக்காரர் அதை விட வேண்டும், இயற்கையாக ஓடுகிற ஓடையை நடுவில் இருப்பவர் தடுக்கவோ பெரிய அளவில் மாற்றவோ கூடாது. இதில் நீங்கள் இரண்டு பக்கமும் மாட்டுகிறீர்கள் ஆச்சி. மேலே இருப்பவருக்கு நீங்கள் பள்ளத்து நிலம், கீழே வயல் வைத்திருப்பவருக்கு நீங்கள் மேட்டு நிலம். மூடினால் மேலே உள்ளவரின் கொல்லையில் தண்ணீர் தேங்கும், கீழே உள்ள கண்மாய்க்குத் தண்ணீர் வராது. ஒரே நாளில் இரண்டு எதிராளி.

சரி, வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற பள்ளத்துக்கு இத்தனை மரியாதையா என்று உங்களுக்குத் தோன்றும். சிவகங்கை மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், அதுவும் பரவலாக இல்லாமல் சில நாட்களில் ஊற்றிவிட்டுப் போகிற மழை. வற்றாத ஆறு எதுவும் நமக்கு இல்லை. அந்தச் சில நாள் தண்ணீரைக் காடுகரையிலிருந்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குக் கொண்டுவந்து, கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு விட்டு, அது நிறைந்ததும் அதற்கடுத்தது என்று சங்கிலியாகத்தான் இந்தச் சீமை முழுக்கப் பிழைத்தது. வரத்துக்கால் பதினொரு மாதம் காய்ந்து கிடப்பதுதான் அதன் வேலை. காய்ந்திருக்கும்போது பார்த்துவிட்டு 'உபயோகமில்லாத பள்ளம்' என்று முடிவு செய்பவர் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வந்ததில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் மனை போடுகிறவர் எந்த மாதம் நிலத்தைப் பார்க்க வந்தார் என்று கேளுங்கள், பங்குனி சித்திரை என்று சொல்வார்.

உங்கள் குடும்ப வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஓட்டுக் கூரையின் தண்ணீர் முழுக்க வளவு முற்றத்துக்கு இறங்கி, வேண்டியதை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொண்டு, மீதி தரைக்கடியில் கல் சாக்கடை வழியாக வெளியே போய், தெரு வடிகாலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும்படித்தானே கட்டினார்கள். வீதிகளை நேர்கோட்டில் வகுத்தபோதே எந்தப் பக்கம் வாட்டம் என்று பார்த்து வகுத்தவர்கள் அவர்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததற்கு வீடுகளின் அழகு மட்டுமில்லை, இந்த ஊரமைப்பும் நீர் ஏற்பாடும் சேர்ந்துதான் காரணம். இன்றைக்கு அதே ஊரின் ஓரத்தில் ப்ளாட் போடுகிறவர்கள் வாட்டத்தையே பார்க்காமல் கட்டம் போட்டு அடிக்கிறார்கள், எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

இப்போது விதி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். மனைப்பிரிவுக்கு நம் மாநிலத்தில் அடிப்படை, 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி, அதன்பிறகு உள்ளாட்சியின் ஒப்புதல் என்று இரண்டு கட்டம். இடம் நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், தண்ணீர் கெடாமலும் ஓட்டம் தடைபடாமலும் இருக்க நிபந்தனை போடவோ மறுக்கவோ அதிகாரம் உண்டு. வரத்துக்கால் குறுக்கே போகிற நிலம், கண்மாய்க்குப் பக்கத்து நிலம் என்றால் வெள்ளம் சூழுமா என்று பார்த்து நீர்வளத்துறை கொடுக்கும் தடையின்மைச் சான்று கேட்பார்கள். கண்மாய் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சான்று நீர்வளத்துறையில் கேட்டாலும், கண்மாய் ஒன்றியத்தினுடையது என்றால் அங்கேயும் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கி வைப்பது பின்னால் உதவும்.

மனைப்பிரிவு ஒப்புதல் இல்லாமல் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி ஒப்புதல் இல்லாத மனையைப் புதிதாகப் பதிய முடியாது. ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் 20.10.2016-க்கு முன்னால் போட்ட மனைகளுக்குத்தான், அதிலும் வாய்க்கால், ஓடை, குளத்துக்குள் வந்த மனைகளை வரன்முறை செய்ய வழியில்லை. அப்புறம் உங்கள் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. இதெல்லாம் உங்கள் மனை போடுகிறவருக்கு நன்றாகவே தெரியும்.

வடிகால் வரைபடம் என்பதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நீலக் கோடு போட்டு அம்புக்குறி வைத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த அம்புக்குறி எங்கே போய் நிற்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. நான் பார்த்த எத்தனையோ மனைப்பிரிவுகளில் வடிகால் கடைசி ப்ளாட்டின் மதிலில் போய் முட்டி நிற்கும். மழை வந்தால் அந்தக் கடைசி ப்ளாட்காரர் பாவம்.

உங்கள் நிலத்துக்குக் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2 ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஐப்பசி மாத இடிமழைக்கு இது அதிகம் இல்லை. மொத்தம் விழுவது 4 லட்சம் லிட்டர். இப்போது புதரும் புல்லுமாகக் கிடக்கிற சரளைப் புஞ்சையில் அதில் ஏறக்குறைய 30 சதவீதம் ஓடி வெளியே போகும், மீதியை மண் குடித்துவிடும், அதாவது 1.2 லட்சம் லிட்டர். வீடு, மொட்டைமாடி, சிமென்ட் ரோடு, வாசலில் பேவர் கல் எல்லாம் வந்த பிறகு 65 சதவீதம் ஓடும் என்று எடுத்தால் 2.6 லட்சம் லிட்டர். கூடுதலாக 1.4 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பன்னிரண்டு லாரி, ஒரே மணி நேரத்தில் கீழே இருக்கிறவர் வயலில் கொட்டுகிறீர்கள். ஓட்டத்தின் வேகமாகச் சொன்னால் நொடிக்கு 34 லிட்டர் போய்க்கொண்டிருந்தது 73 லிட்டராகிறது. வயல்காரர்கள் வரத்துக்காலை மூடாதே என்று மட்டும்தான் இப்போது சண்டை போடுகிறார்கள், இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்தால் இதற்கும் சேர்த்துப் போடுவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

உங்கள் மகன் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறிக் கட்டுமானம் செய்தால் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் மழைநீர் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேல் பல ஊர்களிலும் கவுன்டிகளிலும், கட்டிய பிறகு வெளியே போகும் உச்ச ஓட்டம் கட்டுவதற்கு முன்னால் இருந்ததைத் தாண்டக் கூடாது என்று உள்ளூர் விதி இருக்கும், அதற்காக ஓரமாக ஒரு தேக்கக் குட்டை வெட்டி, சின்ன வாய் வழியாக மெதுவாக வெளியே விடுவார்கள். ஊருக்கு ஊர் எண்கள் மாறும். நம் பக்கம் 2 ஏக்கர் மனைப்பிரிவுக்கு இந்த முன்-பின் கணக்கை ஆபீசில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டிடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், அங்கே மழைநீர் ஏற்பாட்டைக் கேட்பார்கள், உங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டு வரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள் என்பேன். இரண்டு லாபம் உண்டு. நீர்வளத்துறைக் கோப்பு சீக்கிரம் நகரும், ஏனென்றால் அங்கே கோப்பு நிற்பது பெரும்பாலும் நிலத்தின் மேடுபள்ள மட்டங்களும் கணக்கும் இல்லாமல் வெறும் லேஅவுட் படத்தைக் கொடுப்பதால்தான்: பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, லெவல் எங்கே என்று கேட்டு, திருப்பி அனுப்பி, மறுபடி வந்து பார்த்து. அந்த அலைச்சலில் பாதியை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வயல்காரர்களிடம் இந்தப் படத்தை விரித்துக் காட்டிப் பேசலாம்.

செலவில்லாமல் இதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு விட வேண்டும், ஓ.எஸ்.ஆர். என்பார்கள். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் விதியில் இடம் இருக்கிறது. உங்களுடையது 8,094 என்பதால் உங்கள் ஆள் கட்டாயம் 'பணம் கட்டிவிடலாம், நாலு ப்ளாட் மிச்சம்' என்று சொல்லியிருப்பார், 34 என்ற எண்ணே அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பணம் கட்டாதீர்கள், நிலமாகவே விடுங்கள். ரோட்டுக்கு 30 சதவீதம் போனால் மீதி சுமார் 5,670 சதுர மீட்டர், அதில் பத்தில் ஒன்று 567, நம் கணக்கில் 14 சென்ட். அந்த 14 சென்டை நிலத்தின் மிகத் தாழ்வான மூலையில், வரத்துக்கால் வெளியேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அது பூங்காவுக்கான இடம், குளமாக வெட்டிவிட முடியாது, வாய்க்கால் நிலத்தையே ஓ.எஸ்.ஆர். என்று காட்டவும் முடியாது. ஆனால் உள்ளாட்சியின் சம்மதத்தோடு பூங்காவின் தரையைச் சுற்றியுள்ள ரோட்டை விட ஒரு அடி தாழ்வாக வைக்கலாம். 567 சதுர மீட்டரில் ஒரு அடி ஆழம் என்றால் 1.7 லட்சம் லிட்டர் நிற்கும். மேலே சொன்ன கூடுதல் 1.4 லட்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது பாருங்கள். மழை விட்டதும் ஒரு சின்னக் குழாய் வழியாக மெதுவாக வரத்துக்காலுக்குப் போய்விடும், மறுநாள் பிள்ளைகள் விளையாடலாம்.

தாழ்வான மூலையைத்தான் வழக்கமாக மண்ணடித்து மேடாக்கி, கார்னர் ப்ளாட் என்று கூடுதல் விலை சொல்லி விற்பார்கள். அதை வாங்குகிறவர் வீட்டுக்குள் முதல் பெருமழையிலேயே தண்ணீர் வரும், உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

வரத்துக்காலின் குறுக்கே ரோடு போக வேண்டுமே, அதற்குச் சிறுபாலம் வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஒரு இரண்டடி ஹியூம் பைப்பை, அதாவது சிமென்ட் குழாயை, புதைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். உள் வடிகாலுக்கு உங்கள் நிலத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்த்தால் போதும், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வடிகால், 250 அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தால் நொடிக்கு 200 லிட்டருக்கு மேல் இழுக்கும், 73 லிட்டருக்குத் தாராளம். ஆனால் வரத்துக்காலில் வருவது மேலே உள்ள காடு முழுவதும் வடிந்த தண்ணீர். மேலே ஒரு 40 ஏக்கர் வடிகிறது என்று வைத்தால் அதே மழைக்கு நொடிக்கு 670 லிட்டர் வரும். இரண்டடிப் பைப் அதே வாட்டத்தில் முழுசாக ஓடினாலும் 390 லிட்டரைத் தாண்டாது. அதிலும் சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் வந்து வாயை அடைத்தால் அதுவும் இல்லை. எனவே பைப்பை மறந்துவிடுங்கள், இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே காங்கிரீட் ஸ்லாப் போட்ட சிறுபாலம், ஆள் குனிந்து உள்ளே போய்த் தூர் வாரும்படி இருக்க வேண்டும். காலின் அடிமட்டத்தை விடப் பாலத்தின் தரை உயர்ந்துவிடக் கூடாது. மேலே எத்தனை ஏக்கர் வடிகிறது என்பதை ஊகத்தில் சொல்லாமல் கிராம வரைபடத்திலும் நேரில் நடந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரத்துக்காலை நிலத்தின் ஓரமாகத் திருப்பிவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். புறம்போக்காக இருந்தால் நினைக்கவே வேண்டாம். உங்கள் பட்டாவுக்குள் ஓடுவதாக இருந்தால் நீர்வளத்துறை ஒப்புதலோடு, நுழைகிற இடமும் வெளியேறுகிற இடமும் மாறாமல், அகலமும் வாட்டமும் குறையாமல் செய்ய முடிந்தால் பேசிப் பார்க்கலாம். நான் பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொண்ணூறு டிகிரியில் திருப்பிய கால் அடுத்த பெருமழையில் பழைய வழியையே எடுத்துக்கொள்ளும், அந்தப் பழைய வழியில் அப்போது யாருடைய படுக்கையறையோ இருக்கும். காலை அப்படியே விட்டு, அதன் இரண்டு கரையிலும் கொஞ்சம் இடம் விட்டு, அதை ஒட்டி ரோட்டை வகுத்தால் ப்ளாட்டின் பின்பக்கம் காலுக்கு வராது. பின்பக்கம் வந்தால்தான் குப்பையும் செப்டிக் டேங்க் குழாயும் அதில் விழும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு லெவல் சர்வே எடுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு மட்டம் குறித்த படம் இருந்தால் போதும், பெரிய செலவில்லை. மேலே உள்ள நிலத்திலும் கீழே உள்ள வயல் வரப்பிலும் சில மட்டங்கள் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், தங்கள் எல்லைக் கல்லோடு சர்வேயை நிறுத்திவிடுவது நம் ஆட்களின் வழக்கம். கிராவல் அடித்து எல்லா ப்ளாட்டையும் மூன்றடி உயர்த்தித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், மேலே உள்ளவருக்கு அது ஒரு அணை.

மண்ணையும் பார்க்க வேண்டும். நம் பக்கம் மேலே செம்புறாங்கல் ஓடு இறுகிக் கிடக்கும், அதன் கீழே பல இடங்களில் தண்ணீர் நன்றாக இறங்கும். காரைக்குடி சம்பை ஊற்று இத்தனை காலம் ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுத்ததென்றால் இந்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்கியதால்தான். மூன்றடிக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பூங்கா வரப்போகும் மூலையில் பாருங்கள். வடியவில்லை என்றால் அந்தச் செம்புறாங்கல் படலத்தை உடைத்து மணலும் ஜல்லியும் போட்ட சில உறிஞ்சு குழிகள் வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பது தெரிந்ததுதான், ஆனால் பெயருக்கு ஒரு குழாயைச் செருகி வைக்காமல் உண்மையாகவே செய்ய வேண்டும் என்று விற்பனைப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிடலாம். வக்கீலிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்தால் ப்ளாட் 34 வராது, 27 அல்லது 28 வரும். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு வருகிறவரின் வக்கீல் முதலில் பார்ப்பது நீர்நிலை ஆட்சேபணை இருக்கிறதா என்பதைத்தான். சான்றும் சிறுபாலமும் வடிகாலும் ஒழுங்காக உள்ள 28 ப்ளாட் விற்றுவிடும், வாய்க்காலை மூடிய 34 ப்ளாட் வழக்கில் நிற்கும். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளில் உச்சநீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே நிலையில்தான் இருக்கின்றன, கண்மாய் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. பல வருஷமாக மூடித்தான் கிடக்கிறது, பட்டா இருக்கிறது, வரி கட்டுகிறோம் என்ற வாதமெல்லாம் அங்கே பெரிதாக எடுபடுவதில்லை.

நீங்கள் இரண்டு பேரும் வெளியூரில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மனை போடுகிறவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் முன்னால், வரத்துக்காலைத் தொடக் கூடாது, சிறுபாலமும் வடிகாலும் அவர் செலவு, வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டும் படத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ரோடும் ஓ.எஸ்.ஆரும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் போன பிறகு பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, அதற்கு முன்னால் நடக்கிற தவறெல்லாம் பத்திரப்படி உங்கள் தலையில்தான். அவர் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள், காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆன பிறகு சுற்றுப்புறத்தில் மனை போட ஆளுக்குப் பஞ்சமில்லை.

வயல்காரர்களிடம் நீங்களோ தம்பியோ நேரில் போய்ப் பேசுங்கள், புரோக்கரை அனுப்பாதீர்கள். வரத்துக்காலை மூடவில்லை, தூர் வாரித் தருகிறோம் என்று சொன்னால் போதும், சண்டை அங்கேயே பாதி அடங்கும்.

கிணற்றைத் தூர்க்க வேண்டாம். பூங்கா ஓரத்திலோ ரோட்டோரத்திலோ வருமாறு வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சுற்றுச்சுவரை உயர்த்தி, மேலே இரும்புக் கம்பி வலை போட்டுவிட்டால் நல்ல சேகரிப்புக் கிணறாகிவிடும். பக்கத்து வீடுகளின் மாடித் தண்ணீரை மட்டும், மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். ரோட்டுத் தண்ணீரை ஒருபோதும் விடாதீர்கள், எண்ணெயும் சாக்கடையும் கலந்து வருவது நேராக நிலத்தடிக்குப் போய்விடும். அந்தக் கிணறு யாருடைய ப்ளாட்டுக்குள்ளும் போய்விடாமல் பொது இடத்தில் இருக்கும்படி தானப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்கினவர் முதல் வேலையாகக் குப்பையைக் கொட்டித் தூர்த்துவிடுவார்.